சாக்கில் கட்டிய சைக்கிள்

பகாவ் ஊருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள் என்று தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சொன்னதும், நான் கேட்ட முதல் கேள்வி சைக்கிளைப் பற்றியது.

"என் சைக்கிள எப்படிங்க கொண்டு போறது?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன், அது இல்லாம வேல பாக்க முடியாதோ?" என்றார். அந்தக் கேள்வியில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம் அது, யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் படும்.

நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து வந்தவள். சுங்கை காடுட்டைத் தாண்டிப் போர்டிக்சன் போகும் சாலையில் எங்கள் தோட்டம் இருந்தது. அம்மா இறந்துவிட்டாள். இந்தியாவில் ஊருக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. லயத்து வரிசை வீட்டில் அண்ணனும் நானும் மட்டும்.

அண்ணன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. காட்டில் இருந்தவர்களுக்கு அரிசியோ மருந்தோ போய்ச் சேரக்கூடாது என்று, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிற ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்திச் சோதிப்பார்கள். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தனியாக நிற்பாள். என் சைக்கிளையும் விடமாட்டார்கள். சீட்டைப் பிடுங்கிக் குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். என் முறை வரும்போதெல்லாம் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

அந்தச் சைக்கிள் பெண்கள் ஓட்டும் வகை. குறுக்குக் குழாய் இல்லாதது. சிரம்பானில் கலியாணமாகிப் போன ஒரு நர்ஸிடம் பழசாக வாங்கினேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான் அதில் போனபோது லயமே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. "பொம்பள சைக்கிள் ஓட்டிக்கிட்டு எங்க போறா?" என்று ஒருத்தர் கேட்டால், "எங்க போயிட்டு வர்றா?" என்று இன்னொருத்தர் கேட்பார். ஆனால் தோட்டத்தின் மறுகோடியில், மூன்றாவது டிவிசனில் ஒருத்திக்கு இடுப்புவலி வந்தால் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும். எனக்கு அது வேண்டியிருந்தது.

மாற்றல் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒன்று நடந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் வேலிக்கு வெளியே காய்கறி பயிரிட்டு வந்த ஒரு சீனக் கிழவர் கேட்டுக்கு வந்து, மருமகளுக்குப் பிள்ளை குறுக்கே நிற்கிறது, ஆள் வேண்டும் என்று அழுதார். ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருந்த டிரசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். காட்டு ஓரத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை. மூன்று மணி நேரம் போராடிப் பெண் குழந்தை பிறந்தது. அடுப்படியில் ஆம்பிளை ரப்பர் சப்பாத்து ஒரு ஜோடி, சேறும் ஈரமுமாகக் கிடந்தது. கிழவரின் காலுக்கு அது பெரியது. வீட்டில் வேறு ஆம்பிளை யாரையும் நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. வரும்போது பஞ்சும் கொஞ்சம் துணியும், பாதி இருந்த அயோடின் புட்டியும் அங்கே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தான். "புட்டியை ஏன் விட்டுட்டு வந்த?" என்றான். பிறகு, "யாருகிட்டயும் சொல்லாத" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

முதலில் பஸ்காரரைக் கேட்டேன். "மேல ஏத்தினா ஒவ்வொரு ரோட் பிளாக்குலயும் எறக்கிக் காட்டணும். நான் வீட்டுக்குப் போக வேணாமா லா?" என்று கையை விரித்துவிட்டார். சாமான் ஏற்றும் லாரிக்காரர் கேட்ட கூலிக்கு அந்த ஊரிலேயே இன்னொரு பழைய சைக்கிள் வாங்கிவிடலாம். அதற்கு மேல், "வழியில லாரிய எரிச்சா நான் பொறுப்பில்ல" என்று வேறு சொன்னார். ஆகவே ஒரு விடுமுறை நாளில் சிரம்பான் ரயில் ஸ்டேசனுக்குப் போனேன்.

பார்சல் கவுண்டரில் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் இருந்தார். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"முழுச் சைக்கிளாய் அனுப்பினால் அது பிடிக்கிற இடத்துக்குக் கூலி, பிள்ளை. கழட்டிக் கட்டினால் நிறைக்குத்தான் கூலி. பாதிக்கும் குறையும்" என்றார். பிறகு ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டே காட்டினார். "ரெண்டு சில்லையும் கழட்டும். காத்தை இறக்கும். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டும். பெடல் ரெண்டையும் எடும். முன்பக்கத்துக் கவையையும் கழட்டினீரெண்டால் சின்னப் பொதியாய்ப் போயிடும். விலாசத்தை வெளியிலையும் எழுதும், சாக்குக்கு உள்ளையும் ஒண்டு போடும். என்னென்ன சாமான் எண்டு ஒரு லிஸ்டும் வையும். கெமாசிலை ரயில் மாத்தேக்கை பொதி அவிழ்ந்தாலும் ஒண்டும் துலையாது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்கை வேற ஒண்டும் வைக்கப்படாது. வைக்க மாட்டீர்தானே?"

"என்னங்க வைக்கப் போறேன்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அவர்.

அம்பாங்கானில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் சீனர்; முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்று கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். சைக்கிளை அவரிடம் கொண்டுபோனேன். ஆனால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. கழட்டுகிற சாக்கில் நல்ல உறுப்பை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைக் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கழட்டி வைக்க, நான் குச்சியால் தொட்டு ஒவ்வொன்றிலும் ஊதாப் பொட்டு வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார். "தங்காச்சி, சைக்கிளுக்கு புண்ணா?"

"அடையாளத்துக்கு தவுக்கே."

"நீ என்னை நம்பாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் குச்சியை நான் கீழே வைக்கவில்லை.

முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை உருவியபோது கழுத்துக்குள்ளிருந்து சின்னச் சின்ன இரும்பு உருண்டைகள் கொட்டின. மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை. கிரீஸில் புரண்டு பளபளத்தன. "இது இல்லே, சைக்கிள் கழுத்து திரும்பாது. ஒண்ணும் போக்கக் கூடாது" என்றார் கடைக்காரர். மேலே இருபத்தைந்து, கீழே இருபத்தைந்து என்று எண்ணிக் கொடுத்தார். எதில் போடுவது? என் பையில் ஆஸ்பத்திரியில் காலியான சல்ஃபா மாத்திரை டப்பா ஒன்று இருந்தது. அதில் போட்டு மூடினேன். பெடல்கள் குழாயில் உரசாமலிருக்க, துவைத்து வைத்திருந்த பழைய பேண்டேஜ் துணியைச் சுற்றி, மீதியைக் குழாய் வாயில் அடைத்தேன். பிறகு கடையிலேயே உட்கார்ந்து லிஸ்ட் எழுதினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பொதி முதலில் போய்விடும் என்பதால், நான் போகிற தோட்டத்து டிரசரை வாங்கி வைக்கச் சொல்லி எழுதினேன். எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம், ஏனென்றால் பிறகு அதைப் பல தடவை கேட்க வேண்டியிருந்தது.

'சக்கரம் 2. பெடல் 2. குண்டு 50, டப்பாவில் உள்ளது. ஊதா அடையாளம் பார்த்து வாங்கவும்.'

அந்த உருண்டைக்குச் சைக்கிள்காரர்கள் என்ன பேர் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உருண்டையாக இருந்தது, குண்டு என்று எழுதினேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் டூட்டி முடிந்து வந்தான். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வரும்போது அவன் எப்போதும் கொஞ்சம் சின்னவனாகத் தெரிவான். தேத்தண்ணி கொடுத்தேன்.

"சைக்கிள் போயிடுச்சா?"

"நாளைக்கிப் போவும். கட்டி ஸ்டேசன்ல குடுத்துட்டேன்."

"எதுக்குக் கழட்டின?"

"கூலி கொறையுது, அதுக்குத்தான்."

"கொழாயெல்லாம் தெறந்து கெடக்குமே."

"துணி அடைச்சிருக்கு."

"என்னா துணி?"

"பழைய பேண்டேஜ்."

அவன் கிளாசைக் கீழே வைத்தான். "ஆஸ்பத்திரி சாமான் வேற ஏதும் உள்ள வக்கலியே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டில் குழாயைக் கம்பி விட்டுக் குத்துவது போதாதென்று வீட்டிலுமா? "ஆமா, துப்பாக்கி வச்சிருக்கேன். போய்ப் பாரு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினான்.

மூன்றாம் நாள் காலையில் நான் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் தொப்புளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. டிரசர் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஒன்னயத்தான்" என்றார். பெட் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

டவுனில் ஒரு போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்கள். பின்பக்கம் ஓர் அறை. சிமெண்டுத் தரையில் என் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. சக்கரம், கவை, பெடல், டப்பா என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஊதாப் பொட்டுகள் எல்லாம் மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள். நானே பார்த்தாலும் அது சைக்கிள் மாதிரித் தெரியவில்லை.

மேசைக்குப் பின்னால் மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர். ஜன்னலோரம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பேசாமல் நின்றார். என் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள்.

"இது ஒன் கையெழுத்தா மா?" நான் எழுதிய லிஸ்டைக் காட்டினார் கான்ஸ்டபிள்.

"ஆமாங்க."

"குண்டு அம்பதுன்னு எழுதியிருக்க."

"சைக்கிள் குண்டுங்க."

அவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி மலாயில் சொன்னார். நீளமாகச் சொன்னார். அதற்கு நடுவில் 'பெலுரு' என்ற சொல் என் காதில் விழுந்தது. மலாயில் துப்பாக்கித் தோட்டா. எனக்கு அந்த அளவு மலாய் தெரியும்.

"பெலுரு இல்ல! பெலுரு இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். "இரும்பு உருண்டை. டப்பாவைத் தெறந்து பாருங்க!"

அவர்கள் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தார்கள். வெள்ளைக்காரர் டப்பாவை எடுத்து மேலே ஒட்டியிருந்த மருந்துப் பெயரைப் படித்தார். பிறகு உள்ளிருந்த உருண்டைகளை மேசையில் கொட்டி ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். காயம் சீழ் பிடிக்காமலிருக்கக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரைக்குக் காட்டில் எவ்வளவு கிராக்கி என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"மாத்திர எங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"காலி டப்பாங்க. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல பாருங்க."

"ஊதா அடையாளம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க. சைக்கிள் கடைக்காரரு மாத்திடக் கூடாதுன்னு நானே வச்சேன்."

கான்ஸ்டபிள் அதை மொழிபெயர்த்தபோது இன்ஸ்பெக்டர் என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். நம்புகிற மாதிரி இல்லை. ஆனால் இன்னொருத்தரை நம்பாத ஒருத்தி என்பது அவருக்குப் புரிகிற விஷயம் என்று நினைக்கிறேன். அடுத்த கேள்வியை அவரே மெதுவாகக் கேட்டார். கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார்.

"வேலிக்கு வெளிய சீனக் குடிசைக்குப் பிள்ளை பாக்கப் போனியே. அங்க அயோடின் புட்டி குடுத்தியா?"

நான் அங்கே போனது கேட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். டிரசருக்குத் தெரியும். ஆனால் புட்டியைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒருத்தனிடம்.

என்னென்னவோ பொய் வாயில் வந்தது. சொல்லவில்லை. தைரியத்தினால் அல்ல. அண்ணன் எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்று தெரியாமல் எந்தப் பொய்யைச் சொல்வது? பஞ்சு, துணி, பாதிப் புட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தை மட்டும் சொல்லவில்லை. அதை அண்ணனிடமும் சொல்லியிருக்கவில்லை.

"புருசன் எங்க இருந்தான்?"

"பாக்கலீங்க."

"கேக்கலியா?"

"பிள்ளை பொறக்கற நேரத்துல அப்பன் எங்கன்னு நான் யாரையும் கேக்கறதில்லீங்க."

கான்ஸ்டபிள் கொஞ்சம் தயங்கி மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

பிறகு நான்தான் கேட்டேன். "அந்தக் கடைக்காரரக் கூப்பிடுங்க. அவரு பூட்டிக் காட்டுவாரு. சைக்கிளா இல்லியான்னு நீங்களே பாருங்க."

அம்பாங்கான் கடைக்காரரைக் கொண்டுவந்தார்கள். பனியனும் எண்ணெய்க் கால்சட்டையுமாக, கையில் ஸ்பேனர் பையோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தக் காலத்தில் போலீஸ் ஜீப்பில் ஏற்றப்பட்ட சீனர் என்ன நினைப்பார் என்று நான் யோசித்துப் பார்க்காமலேயே அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். பின்முற்றத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். கிரீஸைப் பூசி, அதில் உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று எண்ணினார்.

மேலே இருபத்தைந்து. கீழே இருபத்து நாலு.

"ஒண்ணு எங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

சாக்கை உதறினார்கள். அறையைக் கூட்டினார்கள். டப்பாவைத் தட்டினார்கள். மேசைக்கு அடியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் தவழ்ந்து பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஒரு மிளகளவு இரும்புக்காக அத்தனை பேர் தரையைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன்.

கடைசியில் கடைக்காரர் நிமிர்ந்து, "ஒண்ணு கொறஞ்சா பரவாயில்லே லா, ஓடும்" என்றார். கவையைச் சொருகி இறுக்கி, சக்கரம் மாட்டி, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். வெள்ளைக்காரர் வெளியே வந்து பார்த்தார். என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அந்த முற்றத்தில், அவ்வளவு போலீஸ்காரர்கள் நடுவில், சேலையைச் சொருகிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினேன். விழுந்திருந்தால் அழுதிருப்பேன்.

அன்று மாலையே என்னை விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் கணக்குச் சரியாக இருந்ததாம். குடிசைக்கு நான் போனது டிரசர் அனுமதியோடுதான் என்பதும் எழுத்தில் இருந்தது. ஒரு உருண்டை குறைகிறது என்பதையும் எழுதிக்கொண்டு, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கடைக்காரரிடம் கூலியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீ இனி என் கடைக்கு வராதே, தங்காச்சி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அடுப்படியில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் சமைத்து நான் பார்த்ததே இல்லை.

"நீதானே சொன்ன?"

"ஆமா."

மறுப்பான், நான் சண்டை போடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் உடனே ஒத்துக்கொண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"புட்டி விசயத்த ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நீ அங்க போனது எல்லாருக்கும் தெரியும். ஒரு மாசமா என்கிட்ட நோண்டிக்கிட்டே இருக்கானுங்க. 'ஒன் தங்கச்சி பையில போகும்போது இருக்கறது வரும்போது இல்லியாமே'ன்னு. மாத்தல் வந்திச்சே, எதுக்குன்னு நெனச்ச? அங்க போனப்புறம் வேற எவனாச்சும் பொதியப் பிரிச்சுப் பாத்தா, அங்க ஒனக்கு யாரு இருக்கா? இங்கனா தொரைக்கு ஒன்னயத் தெரியும், டிரசருக்குத் தெரியும். இங்கயே பிரிச்சுப் பாக்கட்டும்னுதான் சொன்னேன்." வெங்காயத்தைக் கீழே வைத்தான். "கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. பாக்கலியா, எத்தன பேர அனுப்பினாங்க?"

"உள்ள ஏதாச்சும் இருந்திருந்தா?"

அவன் வெங்காயத் தோலைக் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்தான்.

"இருக்கும்னு நெனச்சியா?"

"தெரியல" என்றான். "எனக்குத் தெரியல. அதான்."

காட்டிக்கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். 'தெரியல' என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் வைத்த சாம்பாரைத் தொடாமல் படுத்துவிட்டேன். அடுத்த நான்கு நாளும் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பெட்டியோடு பகாவுக்குக் கிளம்பியபோது கேட்டில் அவன்தான் டூட்டியில் இருந்தான். என் பெட்டியைத் திறந்து பார்த்தான். முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தான். மடித்த துணிகளைக் கலைக்காமல் பார்த்தான்.

சைக்கிள் எனக்கு முன்பே போய்விட்டது. இந்தத் தடவை போலீஸ் முற்றத்திலேயே கழட்டிச் சாக்கில் கட்டி, யாரும் வழியில் பிரிக்காமலிருக்கக் கயிற்று முடிச்சில் ஈய முத்திரை வைத்து அனுப்பினார்கள். அதற்காக நான் இன்ஸ்பெக்டருக்கு நன்றிகூடச் சொன்னேன். ரயில் ஸ்டேசனுக்கு நானும் கூடப் போனேன். பார்சல் கவுண்டரில் யாழ்ப்பாணத்து மனிதர் முத்திரையைத் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்த்தார். நிறை போட்டார், ரசீதை எழுதித் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதுத் தோட்டத்தில் என் சைக்கிள் நல்லபடியாக வந்து சேர்ந்திருந்தது. லாரி மெக்கானிக் ஒருவர் பூட்டிக் கொடுத்தார். ஹேண்டில் திருப்பும்போது லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான். ஆனால் என்னை யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை.

முதல் வாரம் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வாரம், நிறைமாதமாக இருந்த இருவர் வீட்டுக்கு நானாகப் போனேன். "வேணாங்க, எங்களுக்கு ஆள் இருக்கு" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். ஒரு பெண் என் சைக்கிளைத் தொடப்போன தன் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, "அது போலீஸ் சைக்கிளு" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முத்திரை வைத்த சாக்கை ஸ்டேசனிலிருந்து லாரியில் கொண்டுவந்தபோது தோட்டமே பார்த்திருக்கிறது. போலீஸ் அனுப்பிய சைக்கிள் என்றால் அதில் வருகிறவள் யார்? காட்டில் அண்ணனோ மச்சானோ இருக்கிற வீடு எது, கொஞ்சம் கூடுதலாக அரிசி வேகிற வீடு எது என்று உளவு பார்க்க வந்தவள்!

அங்கே மருந்து கடத்துகிறவள், இங்கே போலீசுக்கு ஆள். ஒரே சைக்கிள்தான்.

யாரிடம் போய் விளக்குவது? 'நான் போலீசில் மாட்டியவள்' என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பினால் அது இன்னும் ஆபத்து. புதுத் தோட்டத்து டிரசரிடம் சொன்னேன். "காலம் போகட்டும் மா" என்றார். அவரும் என் லிஸ்டைப் பற்றி, குண்டு 50 என்று எழுதிய அந்த முதல் லிஸ்டைப் பற்றி, போலீஸ் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். மருந்து அலமாரிச் சாவியை அவர் என்னிடம் கொடுத்ததே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் விடிகாலை, மரம் வெட்டுகிற ஒருவர் ஓடி வந்தார். தூரத்து டிவிசன். அவருடைய பெண்டாட்டிக்கு முதல் நாளிலிருந்து வலி. பார்த்துக்கொண்டிருந்த ஆள் கைவிட்டுவிட்டாள். கேட்டில் என் சைக்கிளைச் சோதித்து முடிக்கும் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். போய்ப் பார்த்தால் பிள்ளைக்குக் கால் முதலில் வந்திருந்தது. பயமாகத்தான் இருந்தது. கை வேலை செய்தது. வெயில் ஏறுவதற்குள் ஆண் குழந்தை நீலம் பாய்ந்து வந்து, முதுகில் தட்டினதும் வீறிட்டது.

நான் கை கழுவும்போது அந்த மனிதர் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்க போலீசுன்னு சொல்றாங்களே. நெசமா?"

"இல்லீங்க."

"போலீசா இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவீங்க."

"ஆமா. அதுவும் சரிதான்."

அவர் மீதித் தண்ணீரையும் என் கையில் ஊற்றினார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாக, "இவங்களுக்குக் காப்பி கலக்குங்க" என்றார். அதற்குப் பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாரும் அல்ல. கடைசிவரை என்னை வாசலோடு நிறுத்தியவர்கள் உண்டு. அந்த வீடுகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலிருக்க நான் கவனமாக இருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வந்தான். வருவதாகக் கடிதம் போடவில்லை. சாதாரண வேட்டி சட்டையில், ஒரு டின் பிஸ்கட்டோடு வாசலில் நின்றான். இளைத்திருந்தான். "வா" என்றேன். உட்கார்ந்தான். பழைய தோட்டத்துக் கதை பேசினோம். டிரசருக்குக் கால் வீக்கம், மூன்றாவது டிவிசனில் மரம் வெட்டித் தள்ளுகிறார்கள், இப்படி. அந்த விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். இப்போதுதான் என்னோடு நன்றாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

"யாருங்க வந்திருக்கறது?"

"எங்க அண்ணன்."

"அப்படியா! என்னா வேல செய்யறாரு?"

உள்ளே அண்ணன் கிளாசை வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று சொன்னால் அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். ஒன்றரை மாதம் பட்டது எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"ஃபேக்டரில. ரப்பர் ஷீட்டு அடிக்கிற மிஷின்ல" என்றேன். பதில் யோசிக்காமலே வந்தது.

"நல்ல வேலதான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நான் திரும்பி உள்ளே வந்தேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னின் மூடியைக் கத்தி முனையால் நெம்பிக்கொண்டிருந்தான். "கறி எடுத்திருக்கேன், இருந்து சாப்பிட்டுப் போ" என்றேன். "கர்ஃபியூவுக்கு முன்ன பஸ் புடிக்கணும்" என்றான். பிறகு, "சரி, சீக்கிரம் ஆக்கு" என்றான்.